பழைய ஜெல்லி கேபிளில் விடிஎஸ்எல்: விழுந்து விழுந்து எழுந்த லிங்க்கைப் பிடித்து நிறுத்திய கதை

தவளக்குப்பத்திலிருந்து நல்லவாடு போகும் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. சாலையோர அலுவலக அறை வரை ஃபைபர் வந்துவிட்டது. இணையம் வேண்டியது தோப்பின் கடைசியில், கடல் பக்கம் இருக்கும் விருந்தினர் அறைகளுக்கும் நான்கு கேமராக்களுக்கும். நடுவே 620 மீட்டர். இன்டர்காமுக்காக எப்போதோ புதைத்த 5 ஜோடி ஜெல்லி கேபிள் (ஈரம் புகாமல் உள்ளே ஜெல்லி நிரப்பிய தொலைபேசி கேபிள்) ஒன்று ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கிறது, 0.5 மில்லிமீட்டர் செம்பு. புதிதாகப் பள்ளம் தோண்டுவதைவிட அந்தக் கேபிளின் இரு முனையிலும் விடிஎஸ்எல்2 எக்ஸ்டென்டர், அதாவது தொலைபேசிக் கம்பி ஜோடியில் இணையத்தை அனுப்பும் பெட்டி, மாட்டுவது மலிவு. வயர்லெஸ் லிங்க் போடலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். நனைந்த தென்னை மட்டைகளை வரிசையாகத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் ஒழுங்காகப் போகாது. மழைக்காலத்தில்தான் கேமரா அதிகம் தேவை.

மாட்டிய அன்று கிடைத்தது இறக்கம் 31, ஏற்றம் 6 எம்பிபிஎஸ். போர் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் லிங்க் விழுந்தது. இப்போது 64க்கு 14. மோட்டார் ஓடினாலும் நின்றாலும் அசைவதில்லை. பெட்டிகளில் செட்டிங் மாற்றியது மிகக் குறைவு. வேலை முழுக்கக் கம்பியில்தான்.

முதலில் மேசைச் சோதனை. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்து, 2 மீட்டர் கம்பியில் இணைத்து, ஒன்றை சிஓ (எக்ஸ்சேஞ்ச் பக்கம்), இன்னொன்றை சிபிஇ (வாடிக்கையாளர் பக்கம்) என்று சுவிட்சில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் லிங்க் விளக்கு ஆயுசுக்கும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் விளக்கு நிலைத்தால் பெட்டி சரி. இரு பக்கமும் லேப்டாப் வைத்து ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டினால் 94 எம்பிபிஎஸ் அருகில் நிற்கும். லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்பதால் அதற்கு மேல் காட்டாது. இதே மேசையில் அடாப்டரையும் பார்த்துவிட வேண்டும். லோடு இல்லாமல் இரண்டுமே 12 வோல்ட் காட்டின. பெட்டி ஓடும்போது அளந்தால் ஒன்று 11.9, மற்றது 10.4. அந்த இரண்டாவதை அங்கேயே ஒதுக்கிவிட்டு வேறு வாங்கியாயிற்று. இந்தச் சோதனையைச் செய்யாமல் தோப்புக்குப் போயிருந்தால், லைனில் ஒரு கோளாறு, அடாப்டரில் ஒரு கோளாறு என்று இரண்டும் கலந்து குழப்பியிருக்கும்.

அடுத்தது கம்பி. இன்டர்காம், எக்ஸ்டென்டர், சர்ஜ் பாதுகாப்பு எல்லாவற்றையும் இரு முனையிலும் கழற்றிவிட்டு, வெறும் செம்பாக நிறுத்தித்தான் அளக்க வேண்டும்.

முதல் அளவு வோல்டேஜ். இரு லிம்புக்கும் (ஜோடியின் ஒவ்வொரு கம்பியும் ஒரு லிம்ப்) நடுவில், பிறகு ஒவ்வொரு லிம்புக்கும் எர்த்துக்கும் நடுவில், டிசியும் ஏசியும். எர்த்துக்கு 3, 4 வோல்ட் ஏசி காட்டியது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை அதிகம் என்பதால், பக்கத்தில் மின்கம்பி ஓடினால் இப்படிப் பொய் வோல்டேஜ் காட்டும். லோ இம்பீடன்ஸ் (உள்தடை குறைந்த) நிலைக்கு மாற்றியதும் பூஜ்யம் ஆனது. அங்கேயும் வோல்டேஜ் நிலைத்து நின்றால் மின்லைன் எங்கோ தொட்டிருக்கிறது என்று பொருள். மேற்கொண்டு கை வைக்கக் கூடாது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் தொலைபேசி லைனில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் எப்போதும் 48 வோல்ட் பேட்டரி இருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு ஏசி ஏறும், கையை உதறவைக்கும். அந்த லைனில் ஓம் அளக்கவும் கூடாது, மெகர் (அதிக வோல்டேஜ் செலுத்தி இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) போடவும் கூடாது. நம் பக்கத்து வயரிங்கைப் பிரித்துவிட்டு, அதை மட்டும் அளக்கலாம்.

இரண்டாவது, லூப் தடை. கடல் பக்கத்து முனையில் ஜோடியை ஷார்ட் செய்துவிட்டு, சாலைப் பக்கம் அளப்பது. 0.5 மில்லிமீட்டர் செம்பு ஜோடி 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 176 ஓம் தரும். நம் ஊர் மண்ணுக்கு 30 டிகிரி என்று வைத்தால் 183 வரும். 620 மீட்டருக்கு 113 ஓம் வர வேண்டும். வெள்ளை–நீலம் 113. வெள்ளை–ஆரஞ்சும் 113. இன்டர்காம் ஓடிக்கொண்டிருந்ததும், நாங்கள் முதலில் எக்ஸ்டென்டர் மாட்டியதுமான வெள்ளை–பச்சை 131. அதுவும் நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளை–பழுப்பு ஓப்பன். வெள்ளை–சாம்பல் ஷார்ட் செய்யாமலே 40 கிலோ ஓம் காட்டியது, அதாவது உள்ளே தண்ணீர். இன்டர்காமில் பேச்சு தெளிவாகக் கேட்கிறதே, அந்த ஜோடி நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை இங்கே உடைந்தது. பேச்சுக்கு 3.4 கிலோஹெர்ட்ஸ் போதும். இந்தப் பெட்டி 17 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது.

131 என்பதில் கூடுதல் 18 ஓம் எந்த லிம்பில் என்று தெரிய வேண்டும். அதற்கு நல்ல ஜோடியிலிருந்து ஒரு கம்பியைக் கடன் வாங்கி, மூன்றையும் கடைசியில் சேர்த்துக் கட்டி, இரண்டிரண்டாக அளக்கலாம். ஏ–பி 131, ஏ–கடன் 113, பி–கடன் 131. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்துப் பாதியாக்கினால் ஏ லிம்ப்: 56.5. மீதி 74.5 பி லிம்ப். 18 ஓமும் பி பக்கமே. டிஎஸ்எல்லுக்கு இதுதான் விஷம். இரு லிம்பும் சமமாக இருக்கும் வரை வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி, மோடத்தின் முனையில் ஒன்றையொன்று கழித்துவிடும். ஒரு லிம்பின் தடை கூடினால் அந்தக் கழிப்பு முழுமையாக நடக்காது. மிச்சம் முழுவதும் சிக்னலோடு கலந்து உள்ளே வரும். மோட்டார் ஓடும்போது லிங்க் விழுந்ததற்குக் காரணம் மோட்டார் மட்டும் அல்ல. இரைச்சல் எல்லா ஜோடியிலும்தான் ஏறியது. அதை உள்ளே விட்டது இந்த ஒரு ஜோடி.

இன்சுலேஷனுக்கு மெகர், 250 வோல்ட் நிலையில். மல்டிமீட்டரின் ஓம் நிலை இதற்கு உதவாது. அது போடும் சில வோல்ட்டில் ஈர ஜாயின்ட் வெளியே தெரியாது. இடியிலிருந்து காக்கும் கேஸ் டியூப் கழற்றப்பட்டிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். 230 வோல்ட் டியூப் இந்த அழுத்தத்தில் சுட்டுவிடும், நாம் லைன் ஷார்ட் என்று நினைத்துக்கொள்வோம். வெள்ளை–நீலமும் வெள்ளை–ஆரஞ்சும் லிம்புக்கு லிம்ப், லிம்புக்கு எர்த்து என எல்லாவற்றிலும் 40 மெகாவுக்கு மேல். வெள்ளை–பச்சையின் பி லிம்ப் எர்த்துக்கு 0.8 மெகா. அளந்து முடித்ததும் லிம்புகளை ஷார்ட் செய்து சார்ஜை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

நீல ஜோடியில் வாசல் இன்டர்காமை ஓட்ட வேண்டியிருந்தது. எனவே எக்ஸ்டென்டரை ஆரஞ்சுக்கு மாற்றினோம். மோட்டார் ஓடினாலும் லிங்க் விழவில்லை. ஆனால் வேகம் 43க்கு 9 மட்டுமே. 0.5 மில்லிமீட்டர், 620 மீட்டர், 17ஏ ப்ரொஃபைல் (17 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் விடிஎஸ்எல் வகை) என்றால் 60க்கு மேல் வர வேண்டும். லூப், இன்சுலேஷன் எல்லாம் தங்கம். பிறகு எது தின்கிறது?

கெபாசிட்டன்ஸ் (ஜோடி தேக்கிவைக்கும் மின்னூட்டத்தின் அளவு) அளந்த பிறகுதான் விடை கிடைத்தது. இந்த அளவை யாரும் எடுப்பதில்லை. ஆனால் 1,500 ரூபாய் மீட்டரிலேயே இந்த நிலை இருக்கிறது. கடைசி முனையை ஓப்பனாக விட்டுவிட்டு, இந்தப் பக்கம் இரு லிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். ஜெல்லி கேபிள் கிலோமீட்டருக்குச் சுமார் 52 நானோஃபாரட். 620 மீட்டருக்கு 32.2. நீலம் 32.3 காட்டியது. ஆரஞ்சு 34.2.

லூப் தடை, போய்த் திரும்பும் பாதையை மட்டும் பார்க்கும். கெபாசிட்டன்ஸ் அந்த ஜோடியில் தொங்கும் எல்லாச் செம்பையும் சேர்த்து எண்ணும். தடை 620 மீட்டர் என்கிறது, கெபாசிட்டன்ஸ் 657 மீட்டர் என்கிறது. வித்தியாசம் 37 மீட்டர். எங்கோ ஒரு கிளை, கடைசியில் எதுவும் மாட்டாமல் வெறுமனே தொங்குகிறது. மீட்டரின் துல்லியம் நூற்றுக்கு நான்கு இப்படி அப்படி இருக்கும். அதனால் 34.2 என்ற எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. அதே கேபிளின் பக்கத்து ஜோடியோடு ஒப்பிட்ட வித்தியாசத்தை நம்பலாம்.

பழுப்பு ஜோடி ஓப்பன் என்றேனே, அதற்கும் இதே அளவுதான் இடம் சொன்னது. சாலைப் பக்கத்திலிருந்து 20.8 நானோஃபாரட், அதாவது 400 மீட்டர். கடல் பக்கத்திலிருந்து 11.4, அதாவது 219 மீட்டர். கூட்டினால் 619. ஆக, அறுபட்ட இடம் ஒன்றே ஒன்று, சாலையிலிருந்து 400 மீட்டரில். அங்கே இருப்பது மோட்டார் கொட்டகை. அதன் சுவரில் கேபிளின் நடு ஜாயின்ட் பெட்டி.

மோடம் பக்கத்திலிருந்தும் கிளையை உறுதிசெய்யலாம். எக்ஸ்டென்டரின் இணையப் பக்கத்தில் டோன் வாரியாக எத்தனை பிட் ஏறுகிறது என்ற படம் இருந்தது. இந்த வசதி இல்லாத மாடல் சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். டோன் என்பது அலைவரிசையின் ஒரு சிறு துண்டு, அகலம் 4.3125 கிலோஹெர்ட்ஸ். படத்தில் டோன் 313 அருகே ஒரு பள்ளம், 939 அருகே இன்னொன்று, 1565 அருகே மூன்றாவது. மெகாஹெர்ட்ஸில் 1.35, 4.05, 6.75. ஒன்று, மூன்று, ஐந்து என்ற ஒற்றைப்படை மடங்கில் பள்ளம் வந்தால் அது கிளையின் கையெழுத்து. கிளையின் நீளம் கால் அலை நீளத்துக்குச் சமமாகும் இடத்தில், முனையில் பட்டுத் திரும்பும் சிக்னல் மூலச் சிக்னலை அடித்துவிடும். கேபிளில் சிக்னல் மைக்ரோவினாடிக்குச் சுமார் 200 மீட்டர் ஓடுவதால் கணக்கு எளிது: 50ஐ முதல் பள்ளத்தின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கிளையின் நீளம் மீட்டரில். 50ஐ 1.35ஆல் வகுத்தால் 37. இரண்டு தனித்தனி வழிகள் ஒரே எண்ணில் வந்து நின்றன.

அதே படத்தில் டோன் 281, 282இல் ஊசி குத்தியது போல ஒரு குறுகிய வெட்டு இருந்தது. அது 1215 கிலோஹெர்ட்ஸ், புதுச்சேரி வானொலியின் மத்திய அலை. இரண்டு மூன்று டோன்தான் போகும், துரத்த வேண்டாம். அகலமான பள்ளம் கம்பியின் குறை, ஊசி வெட்டு வானொலி என்று கண் பழகிவிட்டால் நேரம் மிச்சமாகும்.

மோட்டார் கொட்டகைப் பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. தானே புயல் 2011இல், ஃபெஞ்சல் புயல் 2024இல் கரையேறிய பகுதி இது. பெட்டியின் பாதி உயரத்தில் சேற்றுக் கோடு. ஆரஞ்சு ஜோடியோடு ஒரு டிராப் வயர் (கட்டடத்துக்கு இழுக்கும் தொலைபேசி வயர்) இணையாக முறுக்கப்பட்டு, ஓட்டை வழியே வெளியே போய், காவலாளி இருந்த பழைய குடிசை வரை ஓடி, பனைமரம் ஒன்றில் சுற்றி நின்றது. வெட்டிச் சுருட்டி டேப் வைத்து அளந்தால் 36 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிராப் வயரின் இன்சுலேஷன் வேறு என்பதால் ஒரு மீட்டர் தள்ளிப் போவது இயல்பு. பச்சை ஜோடியில் பி லிம்பைக் கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் பச்சைப் பொடி கொட்டியது. உள்ளே செம்பு பாதி கனம்தான். முறுக்கை விரலால் அசைத்தால் மீட்டரில் 120இலிருந்து 140 வரை ஓடியது. பழுப்பு ஜோடி அரித்து அறுந்தே போயிருந்தது.

சரிசெய்ய யூஒய் கனெக்டர் போதும். உள்ளே கிரீஸ் நிறைந்த சின்னப் பொத்தான் அது. கம்பியின் தோலை உரிக்கக் கூடாது. அரித்த பகுதியைத் தாண்டி, செம்பு பளபளக்கும் வரை வெட்டிவிட்டு, இரு கம்பியையும் கடைசி வரை நுழைத்து, பொத்தான் மட்டமாகும் வரை தட்டைப் பிளையரால் அழுத்த வேண்டும். ஓரத்தில் கிரீஸ் பிதுங்கினால் சரியாக உட்கார்ந்தது. மூக்குப் பிளையரால் அழுத்தினால் பொத்தான் சாய்ந்து இறங்கி, ஒரு கம்பி பாதிதான் கடிபடும். இன்றைக்கு ஓடும், அடுத்த ஐப்பசியில் காலை வாரும். ஜோடியின் முறுக்கை ஜாயின்ட் வரை கொண்டுவர வேண்டும், ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. சோதனைக்கு வசதி என்று எல்லா ஜோடியையும் க்ரோன் மாட்யூலில் (கம்பியைக் கத்தி முனையில் அழுத்திச் செருகும் கட்டை) போடச் சொல்வார்கள். ஊருக்குள் சரி. கடல் காற்று அடிக்கும் இடத்தில் அதன் கத்தி முனை கறுத்துவிடும். ஓடும் ஜோடியை யூஒய்யில் நேராக இணைத்து, உதிரி ஜோடிகளை மட்டும் க்ரோனில் வைத்தோம். பெட்டியும் புதிது, கேபிள் நுழைவு கீழ்ப்பக்கம் மட்டும், தரையிலிருந்து நாலரை அடி மேலே.

மறுபடி அளந்தால் ஆரஞ்சு 32.3 நானோஃபாரட், பள்ளங்கள் மூன்றும் காணோம், இறக்கம் 64. பச்சை 113 ஓமுக்கு இறங்கி உதிரியாக நிற்கிறது. பழுப்பையும் சேர்த்தாயிற்று. சாம்பலை விட்டுவிட்டோம், 40 கிலோ ஓம் கேபிளின் நடுவில் எங்கோ.

மிச்சமிருந்த சிஆர்சி (தரவுப் பிழை) எண்ணிக்கைக்குத் தேடியது டிரான்சிஸ்டர் ரேடியோவோடு. மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, கம்பி ஓடும் வழியே ரேடியோவைக் கொண்டுபோனால் இரைச்சல் எங்கே கனக்கிறது என்று காதே சொல்லிவிடும். கடல் பக்க அறையில் கேமராவின் மலிவு அடாப்டர் ஒன்று அருகே வைத்ததும் ரேடியோ கதறியது. அதைப் பிடுங்கினால் அமைதி. அந்த அடாப்டரை மாற்றிய பிறகு, 15 நிமிடக் கணக்கில் சிஆர்சி பெரும்பாலும் பூஜ்யம், மோட்டார் ஓடும் நேரத்தில் ஒன்றிரண்டு.

செட்டிங்கில் தொட்டது மூன்றே. முதலாவது, ப்ரொஃபைல் 17ஏ. 30ஏ விளம்பரத்தில் பெரிய எண் காட்டும், ஆனால் அதன் கூடுதல் அலைவரிசை இந்தத் தூரத்துக்கு வந்து சேராது. இரண்டாவது, இலக்கு எஸ்என்ஆர் மார்ஜினை (இரைச்சல் கூடினாலும் தாங்க விடும் இடைவெளி) 6 டெசிபலிலிருந்து 9க்கு ஏற்றியது. வேகத்தில் கொஞ்சம் போகும், மழை நாளில் திரும்பக் கிடைக்கும். மூன்றாவது, ஃபாஸ்ட்டை விட்டு இன்டர்லீவ், அதாவது தரவைக் கலைத்து அடுக்கி அனுப்பும் முறை. ஐஎன்பி (திடீர் இரைச்சலைத் தாங்கும் அளவு) 2 என்றால் அரை மில்லிவினாடி இரைச்சலை மோடமே விழுங்கித் திருத்திவிடும். கேமராவுக்கு அந்தச் சில மில்லிவினாடித் தாமதம் ஒரு பொருட்டில்லை.

இடிக்குப் பாதுகாப்பாக இரு முனையிலும் மூன்று கால் கேஸ் டியூப், நடுக்கால் எர்த்துக்கு. டியூபின் கெபாசிட்டன்ஸ் ஓரிரு பிகோஃபாரட்தான், விடிஎஸ்எல்லுக்குத் தெரியாது. பழைய தொலைபேசிப் பெட்டிக்குள் வட்டத் தகடு போன்ற எம்ஓவி என்ற சர்ஜ் பாதுகாப்புப் பாகம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். அது சில நூறு பிகோஃபாரட், மேல் அலைவரிசையை அப்படியே குடித்துவிடும். எங்கள் அலுவலகப் பக்கத்து ரோசெட்டில் ஒன்று இருந்தது. எடுத்ததும் ஏற்றம் 12இலிருந்து 14 ஆனது.

செலவு: எக்ஸ்டென்டர் ஜோடி 8,600, யூஒய் கனெக்டர் 250, பெட்டி 480, க்ரோன் மாட்யூல் 150, கேஸ் டியூப் நான்கு 240, எர்த்துக் கம்பி இரண்டு 1,400, எக்ஸ்டென்டர் அடாப்டர் 280. மொத்தம் 11,400 ரூபாய். மெகர் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இரவல். கேமரா அடாப்டரை விருந்தினர் அறைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த முறை இதே வேலை வந்தால் முதல் நாளே எல்லா ஜோடிக்கும் லூப், லிம்ப் வித்தியாசம், மெகர், கெபாசிட்டன்ஸ் நான்கையும் எடுத்து ஒரு அட்டையில் எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் எக்ஸ்டென்டரைக் கையில் எடுக்க வேண்டும். பச்சையில் மாட்டி, ஆரஞ்சுக்கு மாற்றி என்று அலைந்தது எல்லாம் அந்த அட்டை இல்லாததால்தான். எர்த்துக் கம்பியை மணலில் அடித்தது போதுமா என்பதும் பாக்கி. கோடையில் மணல் வறண்டதும் எர்த்துத் தடையை மறுபடி அளந்து, தேவையானால் இரண்டாவது கம்பி அடித்துச் சேர்க்க வேண்டும். சாம்பல் ஜோடியின் 40 கிலோ ஓம் 10க்குக் கீழே போனால் ஈரம் மற்ற ஜோடிகளுக்கும் பரவுகிறது என்று அர்த்தம். அப்போது ஈரம் இருக்கும் துண்டை மட்டும் மாற்றிவிடுவதுதான் கணக்கு.